அவளுக்கு எதற்கு என் வைத்தியம்

நான் பொறாமைக்காரி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்லவேண்டிய சிரமம் இல்லை.

பொறாமை என் அறைத்தோழி மீது. ஒரகடத்தில் ஒரே கம்பெனியில், ஒரே லைனில் இருக்கிறோம். கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டாகச் சேர்க்கிற வேலை. லைன் தொடங்கும் இடத்தில் ஒரு போர்டு மாட்டியிருப்பார்கள். அதில் எங்கள் எல்லோருடைய போட்டோவும், ஒவ்வொரு போட்டோவுக்கு நேராக ஸ்டேஷனுக்கு, அதாவது லைனில் ஆள் நின்று வேலை செய்யும் இடத்துக்கு, ஒரு வட்டமும் இருக்கும். வேலை பழகப் பழக வட்டத்தைக் கால் கால் பாகமாகக் கறுப்படிப்பார்கள். முழு வட்டம் கறுத்துவிட்டால் அந்த ஸ்டேஷனில் தனியாக நிற்கலாம், அடுத்தவருக்கும் சொல்லித்தரலாம். எனக்கு டேப் சுற்றும் ஸ்டேஷனில் ஒரு முழு வட்டம். அதோடு சரி. அவள் வரிசையைப் பார்த்தால் தோசைக்கல்லாக அடுக்கிவைத்த மாதிரி இருக்கும். யாராவது லீவு போட்டால் சூப்பர்வைசர் வாயில் முதலில் வருவது அவள் பெயர்தான். என்னை லைனில் யாரும் தேடியது கிடையாது.

என்னைத் தேடுகிற இடம் ஒன்றே ஒன்று இருந்தது. படப்பையில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருக்கும் வீட்டின் மாடி போர்ஷன். அங்கே ஒரு அண்ணனும் அண்ணியும் குடியிருக்கிறார்கள். அண்ணன் வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ். பழைய கம்பெனி நண்பர்களிடமிருந்து அவர் ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பாயை விரித்துப்போட்டு உட்கார்ந்துவிடுவோம். அண்ணன் கதை சொல்லுவார். குகை, பாழடைந்த கோட்டை, கதவுக்குப் பின்னால் உறுமல் என்று போகும். அந்தக் கதைக்குள் நாங்கள் மூன்று பெண்களும் ஆளுக்கொரு வேஷம். என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லவேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் உள்ள பகடையை உருட்டிப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு கிளாஸ் உண்டு, அதாவது கதைக்குள் அந்த ஆள் செய்கிற தொழில். தொழிலையும் அதில் எத்தனை லெவல் என்பதையும் ஆளுக்கொரு தாளில் எழுதிவைத்திருப்போம். அண்ணி மந்திரவாதி. தோழி போர்வீரி. நான் வைத்தியக்காரி.

சாமியைக் கும்பிட்டு நான் ஒரு மந்திரம் சொன்னால் காயம் ஆறும். அதனால் அடிபட்டவுடன் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். வாரம் முழுக்க டேப் சுற்றிவிட்டு அந்த ஒரு பார்வைக்காக நான் மாடி ஏறுவேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

எங்கள் வேஷங்கள் நான்காவது லெவலுக்கு ஏறிய நாளில்தான் தோழி ஆரம்பித்தாள். லெவல் ஏறும்போது பழைய தொழிலிலேயே ஒரு படி ஏறலாம், இல்லையென்றால் புதுத் தொழில் ஒன்றில் முதல் படி எடுக்கலாம். நான் வைத்தியத்திலேயே ஏறிக்கொண்டேன். அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, நான் இந்த வாட்டி வைத்தியத்துல ஒரு லெவல் எடுத்துக்கட்டா?"

"தாராளமா. ரெண்டு கிளாஸ சேத்து வெச்சிக்கலாம்னு ரூல்லயே கீது" என்றார் அண்ணன்.

"அப்போ நான் எதுக்கு இங்க? டீ போடவா?" என்றேன்.

"இன்னாடி, ஒரு லெவல் தானே கேட்டேன். உன் சொத்தையா எழுதி வாங்கிட்டேன்" என்றாள் அவள்.

"சக்களத்தி சண்ட தோத்துடும் போல" என்று அண்ணி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. லைனில் இத்தனை வட்டத்தை வைத்துக்கொண்டு, பாயில் உட்கார்ந்து விளையாடுகிற இடத்திலும் என் ஒரே வட்டத்துக்குள் காலை வைக்கிறாளே என்றுதான் இருந்தது. அடுத்த ஞாயிறு கதைக்குள் அண்ணிக்கு ஒரு சின்னக் காயம் பட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் மந்திரம் சொல்லி ஆற்றிவிட்டாள். "பரவால்லியே" என்றாள் அண்ணி. மாதக்கணக்கில் நான் ஆற்றிய காயத்துக்கெல்லாம் ஒரு 'பரவால்லியே' வந்ததில்லை. அன்றைக்கு ராத்திரி நான் தோழியோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிட்டேன்.

ஐந்தாவது லெவல் வந்தது. "எனக்கு வாள்" என்றேன். அவளுக்கு என் தொழில் என்றால் எனக்கு அவள் தொழில்.

"யோசிச்சிக்கோம்மா. செத்தவங்கள எழுப்புற மந்திரம் அஞ்சுல தான் வரும்" என்றார் அண்ணன்.

"எனக்கு இது அஞ்சு தானேண்ணா?"

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. கம்பெனியில் ஏதோ மெஷின் நின்றுவிட்டதாம். பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். திரும்பி வருவதற்குள் நான் பேனாவில் எழுதி முடித்திருந்தேன். எனக்கு அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. எங்கள் போர்டில் புது வட்டம் கறுக்கிறது என்பதற்காகப் பழைய வட்டம் வெளுக்காது. கம்பெனியில் கிரேடு ஏற்றும்போது மொத்த சர்வீஸைத்தான் பார்ப்பார்கள், எந்த ஸ்டேஷனில் நின்றாய் என்று கேட்கமாட்டார்கள். இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அன்றைக்கே ஒரு பாலத்தின் மேல் ராட்சசன் வந்தான். வழக்கமாகப் பின்னால் நிற்கிறவள் நான். புது வாள் கையில் இருந்ததால் முதல் ஆளாக முன்னால் ஓடினேன். பகடையில் இரண்டு விழுந்தது, என் வீச்சு தப்பியது. ராட்சசன் என்னை நோக்கி உலக்கையைத் தூக்கினான்.

"நான் குறுக்கப் பூந்துடறேன்" என்றாள் தோழி.

ராட்சசனுக்காக அண்ணன் உருட்டினார். "முடிஞ்சிச்சிம்மா. செத்துட்ட" என்றார் அவளிடம்.

மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எத்தனையோ வாரம் கழித்து அப்படிப் பார்த்தார்கள். அந்த நேரத்திலும் எனக்கு உள்ளுக்குள் இனித்தது. "தள்ளுங்க, நான் எழுப்பறேன்" என்றேன்.

அண்ணன் என் தாளை வாங்கிப் பார்த்தார். "உனக்கு அந்த மந்திரம் இல்லியேம்மா. வைத்தியத்துல நாலு தான் கீது."

"வாள்ல ஒண்ணு கீதே. மொத்தம் அஞ்சு ஆச்சே."

"மொத்தத்துக்கு வராதும்மா. ஒவ்வொண்ணும் தனித்தனி கணக்கு. வைத்தியத்துலயே அஞ்சு வேணும்."

என் முகத்தில் ஈயாடவில்லை. தோழி தன் தாளை நான்காக மடித்தாள். ஒரு வருஷமாக அவள் பார்த்துப் பார்த்து வளர்த்த ஆள் அது.

தப்பு என்னுடையது என்று தெரிந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். படி இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டேன். "உனக்கு இருக்கிறது பத்தலன்னு எதுக்கு என் வேலைல கை வெச்ச? நீ அத எடுக்கலன்னா நான் வாளத் தொட்டிருப்பேனா?"

அவள் பூட்டைத் திறந்துகொண்டே சொன்னாள். "எங்களுக்கு அடிபட்டா நீ பாப்ப. நீ வுழுந்தா யாரு பாப்பா? அன்னிக்கி கதைல ஒரு கெணத்துக்குள்ள நீ மயங்கிக் கெடந்தப்போ நானும் அண்ணியும் முழிச்சிக்கினு நின்னோம். ஒண்ணும் பண்ண முடியல. ஏதோ நீயா பொழச்ச. அதான் எடுத்தேன். உன்ன எழுப்பி வுட ஒரு லெவல் போதும், மிச்சத்த நீயே பாத்துப்ப."

"அத அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"நீ எங்க கேட்ட? மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருந்த."

நியாயப்படி எனக்கு அழுகை வந்திருக்கவேண்டும். வந்தது என்னவோ அதே எரிச்சல்தான். காயம் ஆற்றுவது என் தொழில். விழுந்தவளை யார் எழுப்புவார்கள் என்று யோசிக்கவேண்டியது நான். அதையும் அவள்தான் யோசித்திருக்கிறாள். போர்டில் வட்டமே இல்லாத ஒரு விஷயத்திலும் அவள் என்னைவிட மேலே இருந்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் புதுத் தாளோடு மாடி ஏறினாள். எங்களுக்குச் சமமாக ஐந்தாவது லெவலிலேயே ஆரம்பிக்க அண்ணன் விட்டுக்கொடுத்தார். வைத்தியக்காரி. ஐந்தும் வைத்தியத்திலேயே. கலப்பு கிடையாது.

"இன்னாடி இது?" என்றேன்.

"இந்த வாட்டி யாரும் சாவக் கூடாது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். குத்திக்காட்டினாள் என்றாவது வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், முகத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

போர்வீரி இல்லாத கூட்டத்தில் வாள் வைத்திருந்தது நான் ஒருத்திதான். அதனால் முன்னால் நிற்கும்படி ஆயிற்று. முதல் சண்டையிலேயே சரிந்து விழுந்தேன். நினைவு தப்பியவள் தனக்குத் தானே மந்திரம் சொல்லிக்கொள்ள முடியாது. பாயில் காலை நீட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, அவள் பகடையைக் கையில் எடுத்தாள். அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். அண்ணியும் அவள் முகத்தைப் பார்த்தாள். எனக்கும் வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.