லென்ஸ் போட்ட அன்று அக்கா பார்த்த முகம்

இன்று காலை பல் தேய்க்கப் போனால், வாஷ்பேசினில் மீன் செதில் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சாந்தோமில் வளர்ந்தவனுக்குச் செதில் புதிதல்ல. ஆனால் நேற்று வீட்டில் மீன் சமைக்கவில்லை. சுரண்டிப் பார்த்தேன். மகளின் கான்டாக்ட் லென்ஸ். தினம் ஒரு ஜோடி போட்டுவிட்டு எறிந்துவிடுகிறாள்.

அந்தக் காலத்து லென்ஸ் வருடக்கணக்கில் உழைக்கும். ராத்திரி கழற்றி மருந்துத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். நீச்சல் குளமும் ஆஸ்பத்திரியும் கலந்த மாதிரி ஒரு வாசனை. அதை நினைத்தாலே எனக்கு ஸ்டெல்லா அக்கா ஞாபகம்தான்.

அக்கா ஸ்கூல் டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர் சோடாபுட்டி மிஸ். பெண் பார்க்க வந்தவர்கள் அந்தக் கண்ணாடியைப் பார்த்ததும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பெரம்பூரிலிருந்து ஒரு வரன் வருவதாக இருந்தது. "லென்ஸ் வாங்கிப் போட்டுக்கோ. கண்ணாடிப் பேச்சையே எடுக்காதே" என்றாள் அம்மா. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த நான் துணைக்குப் போனேன். துணை என்பது பெயருக்கு, வேடிக்கை பார்க்கத்தான்.

பாண்டி பஜாரில் ஒரு மாடிக் கடை. கடைக்கார அம்மா பச்சை, நீலம் என்று கலர் லென்ஸ்களை எடுத்து வைத்தார். பச்சையைக் காட்டினேன்.

"பூனை மாதிரி இருக்கும். சும்மா இருடா" என்ற அக்கா, அவரிடம் திரும்பி, "இது கண்ணுக்குப் பின்னாடி போயிடாதா? அழுதா வெளியே வந்துடுமா?" என்று கேட்டாள்.

"தாராளமா அழுங்க. கசக்காதீங்க."

நிறமில்லாததையே எடுத்தாள். கண் சிமிட்டிச் சிமிட்டி ஒருவழியாக லென்ஸ் உட்கார்ந்தது. கடைக்கார அம்மா முகம் பார்க்கும் கண்ணாடியை நீட்டினார். அக்கா அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எரியுதாம்மா?"

"இல்ல." பிறகு என்னிடம் மெதுவாக, "நான் அப்பா மாதிரி இருக்கேன்டா" என்றாள்.

எங்கள் சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். நானும் அப்போதுதான் கவனித்தேன்: அதே கன்னம், அதே ஏறிய இடது புருவம். தடித்த கண்ணாடி எங்களுக்கு அதை மறைத்திருந்தது. கண்ணாடியைக் கழற்றினாலோ அவளுக்குத் தன் முகமே தெரியாது. வழியெல்லாம் பாத்திரக்கடைக் குடத்தில்கூட முகம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த மாப்பிள்ளை ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள், "நான் போட்டிருக்கிறது லென்ஸ். பவர் மைனஸ் ஒன்பது. இது இல்லன்னா உங்க முகம் எனக்குத் தெரியாது" என்றாள் அக்கா. அம்மா தரையைப் பார்த்தாள்.

அவர் அக்காவின் கண்ணையே உற்றுப் பார்த்தார். பிறகு, "கண்ணுல விரல் வெக்கப் பயமா இல்லியா?" என்றார்.

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஒன்றைக் கழற்றி விரல் நுனியில் வைத்துக் காட்டினாள். அவருடைய அம்மாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தவக்காலம் முடிந்ததும் கல்யாணம்.

லென்ஸ் வாங்கிய அந்த மாடியில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். அக்காவுக்குக் கண்புரை ஆபரேஷனில் உள்ளேயே லென்ஸ் வைத்துவிட்டார்கள். கண்ணாடியும் இல்லை, கழற்றுவதும் இல்லை. போன வாரம் கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூக்கின் இருபுறமும் கண்ணாடி அழுத்தி விழுந்திருந்த பள்ளங்களைக் காணோம். கேட்டேன். விரலால் தடவிப் பார்த்தாள். எப்போது போயின என்று அவளுக்கும் தெரியவில்லை.