சேவல் ரத்தமும் கம்பெனி கியாரண்டியும்

கீரமங்கலம் சந்தையில் வாழைத்தார் ஏலம் முடிந்ததும் சேவுகனும் அவன் மனைவி சொர்ணமும் புளியமர நிழலில் சாப்பிட உட்காருவார்கள். சாப்பிடுவது இரண்டு பேர், பிசைவது ஒரு கை. சொர்ணம் சோற்றை உருட்டி அவன் வாயில் வைப்பாள். ஆறடி உயரமும் முறுக்கு மீசையுமாக இருக்கிற ஆள் பச்சைப்பிள்ளை மாதிரி வாங்கிக்கொள்வான். "மாப்பிள்ளைக்கு இன்னமும் ஊட்டித்தான் விடணுமாக்கும்?" என்று தார் சுமக்கிறவர்கள் கேலி செய்வார்கள். சேவுகனும் சேர்ந்து சிரிப்பான். அவன் விரல்கள் மடங்காது என்பது அந்தச் சந்தைக்குப் புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது.

ஒரு காலத்தில் அந்த விரல்கள் நன்றாகவே மடங்கின. மடங்கினால் யாருடைய பல்லாவது போகும். திருமயம் பக்கத்தில் ஒரு பெரிய செட்டியார் வீட்டுக்கு அவன் அடியாளாக இருந்தான். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த 1948இல், வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் முனியசாமி என்ற குடியானவனைக் களத்துமேட்டில் போட்டு அடித்தான். மண்வெட்டிக் காம்பு முறிந்தது. முறிந்த பிறகும் விடவில்லை, வெறுங்கையால் அடித்தான். முனியசாமிக்கு ஒரு கண் போயிற்று. அடித்த சேவுகன் திருச்சி ஜெயிலுக்குப் போனான். அடிக்கச் சொன்ன பெரிய செட்டியார் வழக்கம்போல் கோயிலுக்குப் போனார்.

இரண்டு வருஷம் கழித்து அவன் வெளியே வந்தபோது சொர்ணம் தாய்வீட்டில் இருந்தாள். போய்க் கூப்பிட்டான். வாசற்படியில் நின்றபடியே அவள் சொன்னாள்: "இனி ஒரு மனுசன் மேல நீங்க கை வச்சீங்கன்னு தெரிஞ்சா, அன்னிக்கே நான் போயிருவேன். பெறகு செத்தாலும் வர மாட்டேன்."

சேவுகன் தலையாட்டினான். அவள் வந்தாள். வந்த அன்றே அவனுடைய அருவாளை எடுத்துக் கூரை எரவாணத்தில் ஆழமாகச் செருகி வைத்தாள். வாயால் சொன்னதை நம்புகிற பெண் இல்லை அவள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அவன் வீட்டுக்கு வந்ததும், சோறு போடும் முன்னால், "முட்டியக் காட்டுங்க" என்பாள். இரண்டு கைகளையும் நீட்டுவான். விரல் முட்டிகளில் தோல் உரிந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பாள். உரிந்திருக்காது. அதன் பிறகுதான் தட்டு வரும்.

பெரிய செட்டியார் இறந்து, மகன் தேனப்பன் பினாங்கிலிருந்து திரும்பி வந்து குடும்பத்தை ஏற்றான். அடியாளைக் கார் டிரைவராக ஆக்கியது அவன்தான். அந்த வேலை கிடைத்ததில் சேவுகனுக்கு அப்படி ஒரு நிம்மதி. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் வரை கைகளுக்கு வேறு நினைப்பு வராது. தூக்கத்தில்கூட இரண்டு கையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தபடி படுப்பான் என்று சொர்ணம் சொல்லிச் சிரிப்பாள்.

1958இல் தேனப்பன் புதுக் கார் வாங்கினான். ஒரு வருஷத்துக்குள் என்ஜினில் எது உடைந்தாலும் கம்பெனி புது என்ஜின் தரும் என்பது கியாரண்டி. ஆனால் வெளிச்சாமான் எதையாவது பூட்டியதாகத் தெரிந்தால் ஒன்றும் கிடையாது. கார் நல்ல கார்தான். தேனப்பனுடைய வயிற்றெரிச்சல் வேறு. பங்காளி முத்துராமன் ஒரு பழைய அமெரிக்கக் கார் வைத்திருந்தான், மாட்டுக்கொட்டகை அளவுக்கு. புதுக்கோட்டை ரோட்டில் அது புதுக் காரை முந்திக்கொண்டு போகும். போகும்போது முத்துராமன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, சாவகாசமாக வெற்றிலைச் சாற்றைத் துப்புவான். ஒருநாள் அது காற்றில் வந்து தேனப்பனின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அன்று வீட்டுக்கு வந்து அவன் உடைத்த கண்ணாடிச் சாமான்களைப் பெருக்கி அள்ள இரண்டு பேர் வேண்டியிருந்தது.

மறுநாளே புதுக்கோட்டை மெக்கானிக் ரெங்கராஜை வரச்சொன்னான். ரெங்கராஜ் யுத்தத்தின்போது அசாமில் மிலிட்டரி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன். தனக்குத் தெரியாத என்ஜின் உலகத்தில் இல்லை என்று நினைக்கிறவன். கோணிச்சாக்கிலிருந்து ஓர் இரும்புச் சாமானை எடுத்து வைத்தான்.

"மொதலாளி, இது சூப்பர்சார்ஜர். நாங்க புளோயர்னு சொல்லுவோம். கொல்லன் துருத்தி நெருப்புக்கு ஊதுதுல்ல, இது என்ஜினுக்கு ஊதும். உள்ளுக்குள்ள காத்தை அடிச்சுத் திணிக்கும். பூட்டுனா வண்டி பறக்கும். மிலிட்டரி ஏலத்துல எடுத்தது."

"கியாரண்டி என்னாகும்?"

"கம்பெனி போட்ட போல்ட்டுலேயே இதத் தாங்குற பிராக்கெட்டை மாட்டுறேன். புதுசா ஒரு ஓட்டை விழுகாது. கம்பெனிக்காரன் வர்றன்னிக்குக் கழட்டி வச்சுட்டா ஆருக்குத் தெரியப்போகுது?"

"என்ஜின் தாங்குமாண்ணே?" என்று சேவுகன் கேட்டான்.

"நீ வண்டிய ஓட்டு. என்ஜின நான் பாத்துக்கிறேன்" என்றான் ரெங்கராஜ்.

பூட்டி முடித்ததும் ஒரு சங்கடம் வந்தது. யுத்தத்தில் கிடந்த இரும்பு, எத்தனை உயிரைக் குடித்ததோ தெரியாது. காவல்தெய்வம் கருப்பருக்குப் பலி கொடுக்காமல் ஸ்டார்ட் செய்ய ரெங்கராஜே பயந்தான். சேவுகன் ஒரு சேவலின் கழுத்தை அறுத்து, துடிக்கத் துடிக்க பானெட்டுக்குள் பிடித்தான். ரத்தம் புளோயர் மீது கொட்டி, பிராக்கெட்டைச் சுற்றி வழிந்து, என்ஜினின் பக்கவாட்டில் இறங்கியது. கருப்பருக்கு விட்ட ரத்தத்தைத் துணியால் துடைக்கக் கூடாது, அது தானாகக் காய்ந்து உதிர வேண்டும் என்பது சேவுகன் வீட்டு வழக்கம்.

ஒரு சேவல் போதவில்லை போலிருக்கிறது. முதல் தடவை ஸ்டார்ட் செய்து வேகத்தைக் கூட்டியதும் பெல்ட் அறுந்து சவுக்கு மாதிரி வீசி, குனிந்திருந்த ரெங்கராஜின் கன்னத்தைப் பல் தெரியக் கிழித்தது. வேட்டியால் கன்னத்தை அமுக்கிக்கொண்டு, "என்ஜினு நல்லாத்தான் இருக்கு. பெல்ட்டுதான் சரியில்ல" என்றான் அவன். இந்த மாதிரி ஆளிடம் என்ன சொல்ல முடியும்? வேறு பெல்ட் போட்டார்கள்.

கார் பறந்தது உண்மைதான். நமணசமுத்திரம் தாண்டி முத்துராமனின் வண்டி முன்னால் போவது தெரிந்ததும் தேனப்பன் பின் சீட்டிலிருந்து எழுந்து சேவுகனின் தோளைப் பிடித்து உலுக்கினான். "அமுக்குடா! அமுக்கு!" புளோயர் ஊளையிட்டது. இரண்டு கார்களும் ஒட்டி ஓடின. முத்துராமனின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. தேனப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் காறித் துப்பினான். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவ்வளவும்.

அடுத்த நிமிஷம் என்ஜினுக்குள் யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி ஒரு சத்தம். கனெக்டிங் ராடு என்ஜினின் அடிப்பாகத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. கொதிக்கிற எண்ணெய் கண்ணாடியை மூடியது. சேவுகனுக்கு ரோடு தெரியவில்லை. எதிரே வந்த மாட்டுவண்டியில் இடித்து, ஒரு மாட்டின் வயிற்றைக் கிழித்து, கார் கண்மாய்க்கரையில் சாய்ந்து நின்றது. மாடு எழுந்திருக்கப் பார்த்துக் குடல் சரியச் சரிய விழுந்தது. வண்டிக்காரன் மாடு ஓட்டும் தார்க்குச்சியோடு ஓடிவந்து சேவுகனின் முகத்தில் மாறி மாறிக் குத்தினான். சேவுகன் ஸ்டியரிங்கை விடாமல் வாங்கிக்கொண்டான். அந்த மனிதன் அழுதுகொண்டே குத்தினான். தடுக்க இவனுக்கு மனம் வரவில்லை.

அன்று மாலை சொர்ணம் அவன் முகத்தை முதலில் பார்க்கவில்லை. முட்டியைத்தான் பார்த்தாள். பிறகுதான் காயத்துக்கு மஞ்சள் அரைத்தாள்.

தேனப்பனுக்கு மாடு செத்தது பெரிதில்லை. முத்துராமனிடம் தோற்றதும் பெரிதில்லை என்றாகிவிட்டது. கம்பெனியிடமிருந்து புது என்ஜின் வாங்கியே தீரவேண்டும் என்ற வெறி பிடித்தது. ரெங்கராஜ் புளோயரையும் பிராக்கெட்டையும் கழற்றிச் சாக்கில் கட்டிக் கிணற்றில் போட்டான். என்ஜின் முழுவதையும் சீமெண்ணெய்த் துணியால் துடைக்கும் வேலை சேவுகனுக்கு வந்தது. எல்லாவற்றையும் துடைத்தான். கருப்பரின் ரத்தம் காய்ந்திருந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றது. கீழ்ப்பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டான்.

கம்பெனி சார்பில் ஆத்மநாதன் என்கிற இன்ஸ்பெக்டர் வந்தார். ஆவுடையார்கோயில் பக்கத்துக்காரர், வழுக்கைத்தலை, அதிகம் பேசாத மனிதர். கார் ஷெட்டில் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். "டிரைவர், நீங்க உக்காந்து ஸ்டியரிங்கைத் திருப்புங்க" என்றார். சேவுகன் உட்கார்ந்து திருப்பினான். சக்கரம் ஒதுங்கியதும் இன்ஸ்பெக்டர் தரையில் படுத்து என்ஜினுக்குப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்ததும் விரலை முகர்ந்தார்.

"இது எண்ணெயில்லையே, ரத்தம். சேவ ரத்தந்தானே? எங்க பக்கமும் புதுச்சாமான் பூட்டினா விடுவோம்" என்றார். பிறகு தேனப்பனைப் பார்த்தார். "ரத்தம் சுத்தி வழிஞ்சு காஞ்சிருக்கு. நடுவுல வெத்தல அளவுக்கு ஒரு எடம் பளிச்சுன்னு இருக்கு, போல்ட்டைச் சுத்தி. அந்த எடத்துல ஒரு பிராக்கெட் இருந்திருக்கு. கம்பெனி பிராக்கெட் எதுவும் அங்கிட்டுக் கெடையாதுங்க. கியாரண்டி செல்லாது."

தேனப்பன் போய் ஷெட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

"சேவுகா, எறங்குடா. இவனோட வலது கைய மட்டும் விட்டுரு, மத்ததையெல்லாம் ஒடி. கையெழுத்துப் போட அது ஒண்ணு போதும்."

இன்ஸ்பெக்டர் சுவரோரமாக ஒதுங்கினார். சேவுகன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கின் மேல்பக்கத்தை இரண்டு கையாலும் ஒட்டிப் பிடித்துக்கொண்டான்.

"எங்கப்பா சொன்னப்ப ஒருத்தன் கண்ணையே எடுத்தேல்ல? நான் சொன்னா ஆகாதா? ரத்தத்தைத் தொடைக்காம விட்டதும் வேணும்னுதானடா?"

"கருப்பருக்கு விட்டது மொதலாளி. தொடைக்க முடியல."

"எறங்குறியா இல்லையா?"

"ஒங்க உப்பத்தான் தின்னேன். அதுக்காவ வேற எது வேணா செய்யுறேன். மனுசன் மேல கை வைக்க மாட்டேன்."

தேனப்பன் என்ஜினைச் சுற்றுகிற ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை எடுத்தான். முதல் அடி வாயில் விழுந்தது. சேவுகனின் முன்பல் மடியில் உதிர்ந்தது. கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது. "விடுடா அதை! விடு!" என்று கத்திக்கொண்டே தேனப்பன் அந்தக் கைகள் மீது அடித்தான். எலும்பு முறிகிற சத்தம் இன்ஸ்பெக்டருக்குக் கேட்டது. அந்தச் சந்தடியில்தான் அவர் தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு ஓடினார்.

சேவுகனுக்குப் பழைய ஆள் உள்ளே எழுந்து நின்றது தெரிந்தது. எழுந்து ஒரே ஒரு அடி கொடுத்தால் தேனப்பன் சுருண்டுவிடுவான். அதற்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று அவனுக்குத்தான் தெரியும். ஸ்டியரிங்கை விட்டால் அடித்துவிடுவான். ஆகவே விடவில்லை. தேனப்பனின் கை ஓயும் வரை விடவில்லை. பிறகு அவனாக விட நினைத்தபோது விரல்கள் பிரியவில்லை. முகவாயால் ஒவ்வொன்றாகத் தள்ளி எடுத்தான்.

வெயில் சாயும் முன்னால் வீட்டுக்கு நடந்து போனான். சொர்ணம் வாசலில் நெல் சலித்துக்கொண்டிருந்தாள். சட்டையெல்லாம் ரத்தமாக வந்தவனைப் பார்த்து எழுந்தாள்.

"முட்டியக் காட்டுங்க."

காட்டினான். இரண்டு கைகளிலும் முட்டிகள் நொறுங்கி, தோல் பிய்ந்து, எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அவள் முகம் கல்லாகிவிட்டது. உள்ளே போய்த் தகரப்பெட்டியை இழுத்தாள். சேவுகன் ஏதோ சொல்லப் பார்த்தான். வீங்கிய வாயிலிருந்து ரத்தம்தான் வந்தது. அவளிடம் சொல்ல முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் அந்த மனிதன் முதல்முறையாக அழுதான்.

பெட்டியைப் பாதியில் விட்டுவிட்டு அவள் திரும்பி வந்தாள். அவன் கைகளை மறுபடியும் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு வாசலில் கிடந்த சல்லடையை எடுத்து அவன் முன்னால் நீட்டி, அவனுடைய இரண்டு கைகளையும் மெதுவாக அதன் விளிம்பில் ஒட்டி வைத்தாள். வலக்கையில் இருந்த காயமும் இடக்கையில் இருந்த காயமும் ஒரே கோடாகச் சேர்ந்தன. குத்தினவன் கையில் காயம் இப்படி விழாது. பிடித்துக்கொண்டே இருந்தவன் கையில்தான் விழும்.

"ஸ்டியரிங்கப் பிடிச்சிக்கிட்டே வாங்குனீங்களா?"

தலையாட்டினான்.

"ஆரு? தேனப்பனா?"

அவன் பதில் சொல்வதற்குள் அவள் உள்ளே போய் எரவாணத்தில் கைவிட்டு அருவாளை உருவிவிட்டாள். துருப்பிடித்திருந்தது. ஆனாலும் அருவாள் அருவாள்தான். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் கிளம்பிய வேகத்தைப் பார்த்து, ஊரையே நடுங்கவைத்த சேவுகன் நடுங்கிப் போனான். பிடித்து நிறுத்தக் கை இல்லை. ஓடிப்போய் நிலைவாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"வழிய விடுங்க."

"வேணாம் சொர்ணம்."

"விடுங்கன்னேன்ல!"

அவன் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான். உடைந்த பல்லுக்கு நடுவே ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"ஒரு மனுசன் மேல நீ கை வச்சேன்னு தெரிஞ்சா, அன்னிக்கே நான் போயிருவேன். பெறகு செத்தாலும் வர மாட்டேன்."

சொர்ணம் நின்றாள். அருவாளைப் பழைய இடத்திலேயே செருகினாள். அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறந்து, சோற்றைக் கஞ்சியாகக் கரைத்து எடுத்து வந்து அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"வாயத் தொறங்க" என்றாள்.