சாய்க்காத குடுவை

என் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒரு கண்ணாடிக் குடுவை நிற்கிறது. அதன் கழுத்து மெலிந்து நீண்டு, கீழே வளைந்து, மறுபடி மேலே ஏறி, நுனியில் ஊசி நுழையும் அளவுக்குத் திறந்திருக்கும். உள்ளே வெளிர் மஞ்சளாக எலும்பு சூப். குடுவையின் வயிற்றில் என் கையெழுத்தில் ஒரு சீட்டு: சாய்க்காதே. ஆதம்பாக்கத்தில் இந்த ஒற்றை அறைக்கு யார் வந்தாலும் முதலில் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சூப் வைத்து ஆறு வருஷம் ஆகிறது, கொஞ்சம் வற்றியிருக்கிறதே தவிரக் கெடவில்லை என்றால் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். வைத்தவள் நான். வைக்கச் சொன்னவர் மேடம்.

மயிலாப்பூரில் ஒரு பெண்கள் கல்லூரி. அதன் விலங்கியல் ஆய்வகத்தில் நான் உதவியாளராகச் சேர்ந்தபோது மேடம் அங்கே விரிவுரையாளர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். சாந்தோம் கோவில் பங்கில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா, அத்தை எல்லோருமே வாத்தியார்கள். நான் அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவள். பிறகு எங்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருவேன். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை மேடம் என்பேன். கடைசிவரை அது மாறவில்லை.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. பொங்கலுக்குள் வயிற்றில் ஒன்று தங்காவிட்டால் தம்பிக்கு வேறு பெண் பார்ப்பதாக நாத்தனார் நாள் குறித்துவிட்டாள். என் வீட்டுக்காரர் அவளைத் தடுக்கவில்லை. என் அம்மாவும் செத்துப் போய்விட்டாள். துரத்திவிட்டால் நான் நிற்பதற்கு அந்த வேலை ஒன்றுதான் இருந்தது, அதுவும் நிரந்தரம் ஆகாத வேலை. அதனால் சொல்லாத வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்தேன். வினை அப்படித்தான் வந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஆய்வகத்தில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். மேடம் மதியமே கிளம்பிவிட்டார். மைக்ராஸ்கோப், தராசு எல்லாம் முடித்தபின் அலமாரி மேல்தட்டில் இந்த மாதிரி ஒரு குடுவையைப் பார்த்தேன். உள்ளே பழைய தண்ணீர், கழுத்தில் தூசி. யாரோ சோம்பேறி விட்டுவைத்த குப்பை என்று நினைத்து, நன்றாகச் சாய்த்துக் கழுத்தைத் துடைத்தேன். உள்ளிருந்த தண்ணீர் வளைவுக்குள் ஓடித் திரும்பியது. மூன்று கோடு சந்தனம் போட்டுப் பொட்டு வைத்துத் திருப்பி வைத்தேன். நாலு நாள் லீவு முடிந்து வந்தால், அது அரிசி கழுவிய தண்ணீர்போலக் கலங்கிக் கிடந்தது.

“அக்கா, இதை யாரு தொட்டது?”

“நான்தான் மேடம். தொடச்சிப் பொட்டு வச்சேன்.”

“சாய்ச்சீங்களா?”

“சாய்க்காம எப்டி தொடைக்கிறது?”

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மூன்று வருஷம் முன்பு கொதிக்கவைத்த பருப்புத் தண்ணீர் அது. காற்று உள்ளே போகும். ஆனால் காற்றோடு வரும் கிருமி அந்த வளைவில் படிந்துவிடும். அதனால் உள்ளே ஒன்றும் முளைக்கவில்லை. உயிர் உயிரிலிருந்துதான் வரும் என்று ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்கு அவர் காட்டியது அதை வைத்துத்தான். “மூணு வருஷம்க்கா!” என்று கத்தினார். நான் அதைவிடச் சத்தமாகக் கத்தினேன். “அவ்ளோ ஒசந்த பொருள்னா ஒரு சீட்டு ஒட்றதுக்கு இன்னா? கையி வலிக்குதா?”

சத்தம் கேட்டுத் துறைத்தலைவர் அம்மாள் வந்து நின்றார். வேலை போனது என்று முடிவு செய்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். மேடம் எழுந்து அவர் பக்கம் திரும்பினார். “சீட்டு ஒட்டாதது என் தப்புதான் மேடம். சாய்ச்சா என்ன ஆகும்னு காட்டுறதுதான் இதுல அடுத்த பாதி. அதை அக்கா செஞ்சுட்டாங்க” என்றார். பொய்யும் இல்லை. அதில் ஒரு சொட்டெடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, மாணவிகளுக்கு முன்னால் என்னைத்தான் முதலில் பார்க்கச் சொன்னார்.

“இன்னா மேடம் இது, கூட்டமா ஓடிக்கினு கீது! நாலு நாள்லயா இத்தினி?”

அடுத்த வாரம் புதுக் குடுவைக்கு மறுபடி பருப்பை எடுத்தார். “பருப்புத் தண்ணிய வச்சி யார ஏமாத்துறீங்க? எலும்பு சூப் வைங்க, அதுல வராம இருந்தாத்தான் பேச்சு” என்றேன். நானே வீட்டில் வைத்து, கொழுப்பெடுத்து, வடிகட்டித் தூக்கில் கொண்டுவந்தேன். அது கொதிக்கும்போதுதான் கேட்டேன்: உயிர் உயிரிலிருந்துதான் வரும் என்றால் முதல் உயிர் எதிலிருந்து வந்தது?

“தெரியாதுக்கா. யாருக்குமே முழுசாத் தெரியாது” என்றார். படித்தவர்கள் வாயில் அந்த வார்த்தையை நான் அதிகம் கேட்டதில்லை. பிறகு தெரிந்ததைச் சொன்னார். ஆதியில் ஏதோ ஒரு நீரில் ரசாயனங்கள் கோடிக்கணக்கான வருஷம் கலந்து கிடந்தன. அதில் ஏதோ ஒன்று தற்செயலாகத் தன்னைப்போலவே இன்னொன்றை உண்டாக்கியது. அதைத் தின்ன அன்றைக்கு வேறு உயிரும் இல்லை. நகலில் பிழை வந்தது, பிழையில் புதுசு வந்தது. அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறார்கள் என்றார்.

“செரி, எதுக்குப் பெருகணும்?”

என் குரலில் இருந்தது அவருக்குப் புரிந்திருக்கும். அடுப்பைத் தணித்துவிட்டுச் சொன்னார். “எதுக்கும் இல்லக்கா. பெருகுனது மிச்சம் இருக்கு, பெருகாதது இல்ல. அதனால மிச்சம் இருக்கிறதெல்லாம் பெருகுற சாதியா இருக்கு. அது நடந்த கதை. யாரும் யாருக்கும் போட்ட ஆர்டர் இல்ல.”

ஒன்பது வருஷம் கோவில் கோவிலாகச் சுற்றியும் கிடைக்காதது அந்தக் கொதிநீருக்குப் பக்கத்தில் கிடைத்தது. பிள்ளை பெறாதவள் ஏதோ கடமையில் தவறியவள் என்றே என்னை நம்பவைத்திருந்தார்கள். யாருக்குக் கடமை? எவன் எழுதியது? நினைக்க நினைக்கக் கோபம் பொங்கியது, கூடவே உடம்பு லேசானது.

பொங்கல் கழிந்து நாத்தனார் வந்தாள். “இன்னாமே, எங்க வம்சம் அத்துப்பூடும்னு ஒனக்குக் கவலையே இல்லியா?”

“கொளத்துப் பாசிக்கும்தான் வம்சம் கீது, அதுக்கு மாலையா போடறோம்? ஒன் தம்பி வேற கட்டிக்கட்டும். என்னைப் பொம்பளையே இல்லன்னு மட்டும் சொன்னே, பல்ல ஒடச்சிருவேன்.”

கோர்ட்டில் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வீட்டுக்காரராக இருந்தவருக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். நன்றாக இருக்கட்டும். எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது.

மேடத்துக்கும் கல்யாணமாகிப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போய், “இன்னா மேடம், நீங்களும் மிச்சம் இருக்கப் பாக்குறீங்களா?” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். “ஆசையா இருந்துச்சுக்கா, அவ்ளோதான்” என்றார். அந்த ஆசை எனக்கும் இருந்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். குழந்தையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு வந்தேன்.

கணவருக்கு வேலை மாறி ஊரைவிட்டுப் போகும்போது அந்தச் சூப் குடுவையை என்னிடம் கொடுத்தார். பஸ்ஸில் மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். “இன்னாம்மா அது, சரக்கா?” என்றார் கண்டக்டர். “சூப்பு. நீ பிரேக்க மெதுவாப் போடச் சொல்லு” என்றேன். அவரும் சொன்னார்.

நேற்று ஆயுத பூஜை. குடுவையை நின்ற இடத்திலேயே வைத்துத் துடைத்து, சீட்டுக்கு மேலே பொட்டு வைத்தேன். ஒருமுறை சாய்த்தால் போதும். நாலு நாளில் உள்ளே கூட்டம் கூட்டமாகப் பெருகிவிடும். என் கையால் ஆகிற காரியம்தான். எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்.