பொம்மையன் மாமா அமுக்கிய மஞ்சள் லைட்டு

எங்க மாமா பொம்மையனுக்கு முப்பத்தெட்டு வயசு. அவர் பார்த்த பொண்ணுகளையெல்லாம் ஒரு பஸ்ஸில் ஏற்றினால், பாதிப்பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் வரணும். பார்த்தது இவர், வேண்டாம் என்றது அவர்கள். ஆனால் "எனக்குத்தான் பிடிக்கல"ன்னு திண்டுக்கல் பூராவும் சொல்லிக்கொண்டு திரிவார். எங்கம்மா அவருக்குக் கூடப்பிறந்த அக்கா. அதனால் அவர் சொல்வது எதையும் நம்பமாட்டாள்.

மாமாவைப் பொறுத்தவரை கண்ணுக்குத் தெரியாத வரைக்கும் ஒரு கஷ்டமும் கஷ்டமில்லை. ஓடு ஒழுகினால் கட்டிலை நகர்த்திப் போடுவார். பல் வலித்தால் அந்தப் பக்கம் மெல்லமாட்டார். நான் கைப்பிள்ளையாக இருந்த காலத்தில் அவர் ஒட்டன்சத்திரத்திலிருந்து தக்காளி ஏற்றுகிற வேன் ஓட்டினார். இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள்ளு அடிக்கடி சிவப்புப் பக்கம் போனது. "சும்மா பயங்காட்டுது"ன்னு சொல்லி அதன் மேல் ஒரு முருகன் ஸ்டிக்கரை ஒட்டினார். முருகனும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் ஒருநாள் நடுரோட்டில் இன்ஜின் சூட்டில் இறுகிச் சீஸாகி நின்று, வேன்காரர் ஆள் அனுப்புவதற்குள் பெட்டிக்குள்ளேயே தக்காளி ரசமாகிவிட்டது. வேலையும் போனது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தப்போ, டாக்டர் சொன்னதையெல்லாம் மாமா தன் வயிற்றுக்குள்ளேயே போட்டுப் பூட்டிக்கொண்டு வெளியே வந்து, "ஒண்ணுமில்லக்கா, வெறுங்காய்ச்சல். இந்தா இட்லி, சூடா இருக்கு, தின்னு"ன்னு சொன்னார். அன்றைக்கு மட்டும் அம்மா நம்பித் தின்றாள். அப்பா பிழைத்து வந்த பிறகுதான் எங்களுக்கு விசயமே தெரியும். அதனால் மாமா அளக்கிற பொய்யை நான் கேலி பண்ணுவேனே தவிர, திட்டமாட்டேன்.

இப்போது அவர் பேகம்பூர் தோல் வியாபாரி முனீர் பாயிடம் டிரைவர். போன வருசம், அதாவது ரெண்டாயிரத்து ஏழில், பாய் சென்னையிலிருந்து ஒரு வெளிநாட்டுக் காரை செகண்ட்ஹேண்டில் வாங்கி வந்தார். அதில் எந்த டயரில் காற்று குறைந்தாலும் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் லைட்டு எரியும். மாமா அதைப் பார்த்த நாளிலிருந்து தரையில் கால் பாவவில்லை. "ஏலே மாப்ள, இது காரு இல்ல, சோசியக்காரன்"னு என்னிடம் பீற்றினார்.

அது எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பாய் மாமாவையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார். டயருக்குள் தனியாக ஒரு கருவியும் கிடையாது. காற்று குறைந்த டயர் அமுங்கி, ஒரு மயிரளவு சின்னதாகிவிடும். நெட்டைக்காலனோடு குட்டைக்காலன் சேர்ந்து நடந்தால் குட்டைக்காலன்தான் அதிகமாக எட்டு வைக்கணும், இல்லையா? அதே மாதிரி அந்த ஒரு சக்கரம் மட்டும் மற்ற மூன்றையும் விட அதிகமாகச் சுற்றும். பிரேக்குக்காக ஒவ்வொரு சக்கரத்திலும் வைத்திருக்கிற சென்சார் அந்தச் சுற்றை எண்ணிக்கொண்டே வரும். கணக்கு உதைத்தால் லைட்டைப் போட்டுவிடும்.

"அப்ப நாலுலயும் ஒண்ணா காத்து எறங்குனா?"ன்னு நான் கேட்டேன்.

"அப்ப அதுக்குத் தெரியாதுடா. நாலு பேருமே குட்டைன்னா யாரைப் போயி குட்டைன்னு சொல்றது?" பாய் சிரித்துவிட்டு மாமாவைப் பார்த்தார். "பொம்மையா, கீழ ஒரு பட்டன் இருக்கு பாரு. நாலு டயர்லயும் காத்தடிச்சு முடிச்ச பெறகுதான் அதை அமுக்கணும். அமுக்குனா, இப்ப இருக்கிறதுதான் சரியான அளவுன்னு காரு மனசுல வச்சுக்கும். லைட்டும் அணைஞ்சுரும்."

பாய் சொன்னதில் மாமா காதில் நின்றது கடைசி வாக்கியம் மட்டும்தான்.

இந்த நிலைமையில்தான் சேவுகம்பட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பொண்ணு பேர் பேச்சாயி. வயசு முப்பத்திரண்டு. டிவிஎஸ் ஐம்பதில் மல்லிகை மூட்டையைக் கட்டிக்கொண்டு தினமும் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குப் போகிற ஆள். வந்த மாப்பிள்ளைகளையெல்லாம், பொய் பேசுறானுக என்று திருப்பி அனுப்பிய புண்ணியவதி.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே ஒனக்குப் பொண்ணு பாக்க நான் வரமாட்டேன். நீயாச்சு, ஒன் ஸ்டியரிங்கு ஆச்சு"ன்னு அம்மா சொல்லிவிட்டாள். மாமா வழக்கம்போலச் சிரித்தார். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் கார்க் கண்ணாடியைப் பார்த்து நரைமயிரைப் பிடுங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

பாய் காரைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். நாங்கள் மூன்று பேர். மூன்று பேராகப் போகக்கூடாது என்று அம்மா பக்கத்துவீட்டு அல்போன்சா அக்காவையும் ஏற்றிக்கொண்டாள். பஜ்ஜி உண்டு என்றதும் அக்கா செருப்பைக்கூட மாற்றாமல் வந்துவிட்டது. நாலரைக்கு ராகுகாலம். அதற்கு முன்னால் பொண்ணுவீட்டு வாசற்படி ஏறியாகணும். நல்லகாரியத்துக்குக் கிளம்பின வண்டி வழியில் எங்கும் நிற்கவும் கூடாது. இது அம்மா போட்ட சட்டம்.

செம்பட்டி தாண்டினதும் மஞ்சள் லைட்டு எரிந்தது.

"மாமா, சோசியக்காரன் முழிச்சுக்கிட்டான்"ன்னேன்.

"பேசாம வா மாப்ள." அம்மா பின்சீட்டில் அல்போன்சா அக்காவோடு கேசரியைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தாள். மாமா கண்ணாடியில் அவளை ஒரு பார்வை பார்த்தார், கையிலிருந்த வாட்சை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் இடதுகை மெல்லக் கீழே போனது. அமுக்கினார். லைட்டு அணைந்தது.

"பாத்தியா? சரியாப்போச்சு."

சரியாகப் போகவில்லை. பின்னால் ஒரு டயரில் காற்று கசிந்துகொண்டே இருந்தது. பாதி இறங்கியதைத்தான் சரியான அளவு என்று மாமா காருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டார். பாவம், காரும் வாத்தியார் சொன்னதை நம்பி, புதுக் கணக்கைப் படித்து முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டது.

நாலரைக்குக் கொஞ்சம் முன்னால் படியேறிவிட்டோம். பேச்சாயியின் அப்பா தங்கமுத்து எங்களைப் பாயில் உட்காரவைத்தார். பேச்சாயி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே ஓடி ஒளியாமல், தூணோரமாக நின்றுகொண்டார். மாமா ஆரம்பித்துவிட்டார்.

"நான் ஓட்டுற காரு பேசுமுங்க. டயர்ல காத்து கொறஞ்சாப் போதும், ஒடனே எனக்குச் சொல்லிரும்."

"அப்படியா!" என்று தங்கமுத்து வாயைப் பிளந்தார். மாமா அடுத்ததாக ஏதோ அளக்கப்போன நேரத்தில் வாசலிலிருந்து ஒரு வாண்டு கத்தியது. "தாத்தா! காரு ஒருபக்கமா உக்காந்துருச்சு!"

எல்லாரும் வெளியே ஓடினோம். அல்போன்சா அக்கா மட்டும் பஜ்ஜித் தட்டோடு நிதானமாக வந்தது. இடதுபக்கப் பின்டயர் தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

"ஒங்க தெருவுல முள்ளு ஜாஸ்தியோ?" மாமா கூசாமல் கேட்டார்.

பேச்சாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டயர் பக்கத்தில் குத்தவைத்தார். விரலால் தடவி ஓரிடத்தில் நிறுத்தினார். "முள்ளு இல்லங்க, ஆணி. தலை தேஞ்சு பளபளன்னு இருக்கு. ரொம்ப தூரம் ஓடியாந்த ஆணி." நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். "காரு பேசும்னீங்களே. ஒண்ணும் சொல்லலையா?"

 மாமா வாயில் பொய் வந்து நிற்பது எனக்கே தெரிந்தது. பட்டன் கெட்டுப்போச்சு என்று சொல்லியிருக்கலாம், பாய் மேல் பழியைப் போட்டிருக்கலாம். சட்டையின் மேல்பொத்தானைப் பிடித்துத் திருகினார்.

"சொல்லுச்சுங்க. செம்பட்டி தாண்டுனதும் சொல்லுச்சு. நான்தான் அமுக்கிட்டேன்."

"ஏன்?"

"நின்னா ராகுகாலம் வந்துரும். அப்பறம் எங்கக்கா வண்டியத் திருப்பச் சொல்லிரும். ஒங்களப் பாக்காமலே போகணுமேன்னு…"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பேச்சாயி முந்தானையை வாயில் வைத்து அப்படிச் சிரித்தார். வந்த சம்பந்தத்தைத் திருப்பி அனுப்புகிற சிரிப்பா, இருக்கச் சொல்கிற சிரிப்பா, எங்களுக்குப் பிடிபடவில்லை.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டெப்னி மாற்ற உட்கார்ந்தார். கழற்றின நட்டுகள் மண்ணில் உருளாமல் இருக்க, பேச்சாயி காபித் தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். அப்போதே ராகுகாலம் பிறந்துவிட்டது. அந்த நேரத்தில் வீட்டுக்குத் திரும்பக்கூடக் கிளம்பக்கூடாதாம். அம்மாவின் சட்டமே அம்மாவைக் கட்டிப்போட்டது.

யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் தட்டிலிருந்த ஒரு நட்டை எடுத்து என் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். நல்லநேரம் வந்ததும் அம்மா எல்லாரையும் ஓட்டிக்கொண்டு போய்விடுவாளே.

நட்டைக் காணோம் என்று மாமாவும் பேச்சாயியும் காருக்கு அடியில், வாய்க்கால் ஓரத்தில், செம்பருத்திச் செடிக்குள் எல்லாம் தேடினார்கள். தேடத் தேடப் பேச்சு வந்தது. தக்காளி வேன், முருகன் ஸ்டிக்கர், வேலை போனது எல்லாவற்றையும் மாமா தானாகவே கொட்டினார். பேச்சாயி தன் டிவிஎஸ்ஸை ஒருதடவை பூமூட்டையோடு கண்மாயில் இறக்கிய கதையைச் சொன்னார்.

"டயரு வீணாப்போச்சு, மொதலாளிக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார்.

"திங்கக்கெழம மெதுவா…"

"இப்பவே சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

மாமா பாய்க்குப் போன் அடித்து ஸ்பீக்கரில் போட்டார். முனீர் பாய் நடந்ததை முழுசாகக் கேட்டுவிட்டு ஒரு நிமிசம் விடாமல் திட்டினார். அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு, "சரி, டயர் கெடக்கு. பொண்ணு என்னப்பா சொல்லுச்சு?"ன்னார்.

மாமா போனைக் கையில் ஏந்திக்கொண்டு பேச்சாயியைப் பார்த்தார். தங்கமுத்து பார்த்தார். அம்மா பார்த்தாள். பேச்சாயி நேராக என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினார்.

"ஏலே மருமவனே, பாக்கெட்டுல இருக்கிற நட்ட எடு. ஒங்க மாமா பத்தரமா வீடு போய்ச் சேரணும்ல."