சலவை நாள்

தியோலிந்தாவுக்கு நாற்பத்தாறு வயது. போர்ச்சுகலின் பைராடா வட்டாரத்தில், காட்டுக்குள் அரசரின் வேட்டை மாளிகையாக இருந்து பிறகு ஓட்டலான கட்டடத்தில், பத்தொன்பது வருடமாகப் பாட்டில் கழுவி லேபிள் ஒட்டி வந்தாள். அந்த ஓட்டல் தன் ஒயினைத் தானே செய்தது. மந்திரிகள் லிஸ்பனிலிருந்து வந்து, பன்றிக்குட்டி வறுவலோடு அதைக் குடித்தார்கள். கழுவுகிற பெண்களுக்கு வாசனை மட்டும்தான்.

ஒயின் பீப்பாய்கள் இருந்த நிலவறையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. தூரமான பெண் உள்ளே வந்தால் ஒயின் காடியாகிவிடுமாம். அதனால் அந்த மூன்று நாளும் அவள் பின்கட்டுத் தொட்டியில் விரிப்பு துவைக்க வேண்டும். மேஸ்திரியிடம் "இன்னிக்கு எனக்குச் சலவை" என்று சொன்னால், சமையலறை முதல் தோட்டம் வரை எல்லா ஆண்களுக்கும் செய்தி போய்விடும்.

தியோலிந்தாவுக்கு அது நின்று இரண்டு வருடமாயிற்று. அவள் யாரிடமும் சொல்லவில்லை. நிலவறையின் ஈரம் நெஞ்சில் இறங்கி இருமலாகத் தங்கியிருந்தது; தொட்டியடியில் வெயில் விழும். மாதம் மூன்று நாள் வெயிலுக்காகப் பொய் சொன்னாள்.

அந்த ஆகஸ்டில் மேஸ்திரி அபிலியோ முழங்கால் வலி தீரப் பாத்திமா மாதா கோயிலுக்கு யாத்திரை போய் இருபது நாள் வரவில்லை. வெயில் காலத்தில் பீப்பாய் மரத்தின் வழியே ஒயின் ஆவியாகிக் குறையும். ஏணியேறி அந்தக் குறையை நிரப்புவது அவர் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டார். கணக்குக் கேட்க ஆளில்லாததால் தியோலிந்தா அந்த மாதம் சலவைக்குப் போக மறந்துபோனாள்.

அக்டோபரில் பெரிய பீப்பாயின் வெள்ளை ஒயின் புளித்திருந்தது. மேஸ்திரி ஏழு பெண்களையும் வரிசையில் நிறுத்தினார்.

"ஆகஸ்டுல நீ சலவைக்கே போகலையாமே, தியோலிந்தா? ராணியம்மாவுக்குத் துணி துவைக்கக் கூச்சமோ?"

"பீப்பாய் குறைஞ்சு கிடந்துச்சு மேஸ்திரி. காத்து பூந்தா புளிக்காம என்ன செய்யும்?"

"ஓகோ! பாட்டில் கழுவுறவ எனக்கு ஒயின் பாடம் நடத்துறா, கேட்டுக்கங்கடி." சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள். "நாளையிலேருந்து வராதே."

அவளுக்கு வேறு பிழைப்பில்லை. முகம் எரிய, எல்லார் முன்னிலும் சொன்னாள்: "எனக்கு நின்னு ரெண்டு வருஷமாச்சு. வெயிலுக்காகத்தான் சலவைன்னு சொன்னேன். வேணும்னா டாக்டரக் கேளுங்க."

சிரிப்பு நின்றது. இதோடு அந்த மூடத்தனம் வாயடைத்துப் போகும் என்று அவள் நம்பினாள். மேஸ்திரி தாடையைச் சொறிந்தார்.

"அப்ப வேற ஒருத்தி. பெலிஸ்மினா, நீ அந்த மாசம் ரெண்டு நாள்தானே துவைச்சே?"

பெலிஸ்மினாவுக்கு இருபத்திரண்டு வயது. புருஷன் காசநோய் ஆஸ்பத்திரியில் கிடந்தான். "ரெண்டே நாள்ல நின்னுருச்சு மேஸ்திரி, சத்தியமா!" என்று அழுதாள். பிறகு தியோலிந்தாவைப் பார்த்தாள். "அக்கா, நீ வாயத் திறக்காம இருந்திருக்கலாம்ல?"

தியோலிந்தா மறுபடியும் காற்றைப் பற்றிச் சொன்னாள். குறைந்த பீப்பாயைத் தட்டிக் காட்டினாள். யாரும் கேட்கவில்லை. அன்று மாலையே வேலை போன பெலிஸ்மினா மலைப்பாதையில் இறங்கிப் போனாள்.

முழங்கால் சரியாகாத மேஸ்திரி, இனி "சுத்தமான" பெண் என்பதால் தியோலிந்தாவை ஏணியேறச் சொன்னார். வெயில் நாட்கள் அவளுக்குப் போயின. வாரம் தவறாமல், இருமிக்கொண்டே, ஒவ்வொரு பீப்பாயையும் விளிம்புவரை நிரப்பினாள். ஆறு வருடம் ஒரு சொட்டும் கெடவில்லை.

"பாத்தியா?" என்பார் மேஸ்திரி, வருகிறவர்களிடமெல்லாம். "அந்தப் பெலிஸ்மினா போனதிலேருந்து ஒரு பீப்பாயாவது புளிச்சிருக்கா?"