சூரியனுக்குப் புயல் கூண்டு

எங்கள் குப்பத்தில் எனக்குக் ‘கூண்டுக்காரி’ என்று பெயர். புயல் வந்தால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள் அல்லவா, அதுபோல நான் சூரியனுக்குக் கூண்டு ஏற்றுகிறவளாம். பெயர் வைத்தவர்கள் நல்ல எண்ணத்தோடு வைக்கவில்லை. அதைக் கேட்டுச் சிரிக்கிற பொறுமை எனக்கும் கிடையாது.

என் வேலை சூரியனின் காந்தப்புலத்தை அளப்பது. ஊர் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் கடலை ஒட்டி இருக்கிறது. அப்பா போன பிறகு அம்மா வில்லியனூர், ஒதியம்பட்டு, உறுவையாறு என்று தெருத் தெருவாக மீன் விற்று என்னை இயற்பியல் படிக்க வைத்தாள். மலைமேல் இருக்கும் சூரிய ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தபோது அவள் ஒன்றுதான் கேட்டாள். “வெயிலப் பாக்க இன்னாத்துக்குடி மலைக்குப் போற? இங்க இல்லாத வெயிலா?”

சூரியனில் தெரியும் கரும்புள்ளி ஒவ்வொன்றும் ஒரு பெரிய காந்தம். அதன் மேலே காந்தப்புலம் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடக்கும். முறுக்கு தாங்காமல் அறுந்தால் ஒரு பெரிய மேகம் கிளம்பிப் பூமியை நோக்கி வரும். வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகலாம். அந்த மேகத்துக்குள் இருக்கும் காந்தம் வடக்குப் பார்த்து இருந்தால் பெரும்பாலும் உரசிவிட்டுப் போய்விடும். தெற்குப் பார்த்து இருந்தால் வம்பு. பூமியின் காந்தக் கதவு திறந்துகொள்ளும், வானத்தின் மேலடுக்கு கலங்கும், ஜிபிஎஸ் தடுமாறும். வடக்கா தெற்கா என்பது பூமிக்கு முன்னால் காவல் நிற்கும் செயற்கைக்கோளை மேகம் தொட்ட பிறகுதான் தெரியும். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம்கூடக் கையில் இருக்காது. மேகம் கிளம்பும்போதே கயிற்றின் முறுக்கு இடமா வலமா என்று பார்த்து முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது என் கட்சி. வலைக்கயிறு கிடந்த வீட்டில் பிறந்தவளுக்கு இப்படி ஒரு யோசனை வந்ததில் அதிசயம் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் எங்கள் துறைத் தலைவர் நம்பவில்லை. பழைய வெடிப்புகளை எடுத்து நான் போட்ட கணக்கெல்லாம் சரியாகத்தான் வந்தது. அதற்கு அவர், நடந்து முடிந்ததைச் சொல்ல ஆராய்ச்சி எதற்கு, வரப்போவதைச் சொல்லுங்கள் என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தவறில்லை.

குப்பத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், ஆற்று முகத்துவாரம்தான் சம்பந்தம். எங்கள் படகுகள் அந்த வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். ஒரு பக்கம் மணல் திட்டு, இன்னொரு பக்கம் கரை அரிப்புக்குக் கொட்டிய கருங்கல், நடுவில் ஒடுக்கமான வழி. இப்போது எல்லோரும் அந்த வழியை ஜிபிஎஸ்ஸில் ஒரு கோடாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். இருட்டில் கோட்டின் மேலேயே ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். முதலில் வருகிறவனுக்கு ஏலத்தில் நல்ல விலை. அந்தக் கோடு ஒரு தெரு அகலம் தள்ளிக் காட்டினால் படகு கல்லில்தான் ஏறும்.

அதனால்தான் முன்பொரு முறை பெரிய வெடிப்பைப் பார்த்ததும் பயந்துபோய் ஊருக்குப் போன் செய்தேன். அப்போது என் கணக்குமுறை இந்த அளவுக்குத் தேறவில்லை. மேகம் வருகிறது என்பதை மட்டும் சொன்னேன். படித்த பெண் சொல்கிறாளே என்று ஊர்ப் பஞ்சாயத்தில் அன்றைக்கு யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். மேகம் வடக்குப் பார்த்து வந்து உரசிவிட்டுப் போனது. கடல் குளம் மாதிரி கிடந்தது. கூண்டுக்காரி என்ற பெயர் அன்று வந்ததுதான். அதற்குப் பிறகு அம்மா எந்தத் தெருவுக்குக் கூடை தூக்கிப் போனாலும் சூரியன் சௌக்கியமா என்று கேட்டிருக்கிறார்கள்.

போன வருஷம் அம்மாவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. பிள்ளையார்குப்பத்து ஆஸ்பத்திரியில் முடித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தேன். அந்த வாரம் பார்த்துச் சூரியன் வெடித்தது. மலையிலிருந்து படங்கள் மடிக்கணினிக்கு வந்தன. இரண்டு நாள் உட்கார்ந்து முறுக்கை மூன்று முறை பார்த்தேன். சந்தேகமே இல்லை, தெற்கு. மேகம் வருவதற்கு முன்பே, துறையில் எல்லோருக்கும் தெரியும்படி, ‘தெற்கு’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். சரியாக வந்தால் என் ஆறு வருஷ உழைப்பு நிற்கும். தப்பினால் இனி என் பேச்சை யாரும் கேட்கப் போவதில்லை. வரட்டும், தெற்காகவே வரட்டும் என்று மனசு வேண்டிக்கொண்டது.

அப்போதுதான் வாசலில் என் தம்பி வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவதைப் பார்த்தேன். சாயங்காலம் போனால் அவன் விடிவதற்கு முன் திரும்புவான். என் கணக்குப்படி மேகம் வந்து இறங்கும் நேரமும் அதுதான். இது எப்படி எனக்கு அதுவரை உறைக்கவில்லை என்று இன்றும் தெரியவில்லை.

பின்னாலேயே ஓடினேன். படகைத் தள்ள நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். போகாதே என்றேன். அவனோடு போகிற ஆள் ஒருவன், “எத்தனாம் நம்பர் கூண்டு அக்கா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், தம்பியும் சிரித்தான். மற்றவர்கள் சிரித்ததைவிட அது வலித்தது.

“போறதுன்னா போ. ஆனா விடியாம உள்ள வராதடா. ஜிபிஎஸ் கோட்ட நம்பாத” என்றேன்.

“சரி சரி, நீ வூட்டுக்குப் போ” என்று படகில் ஏறிக்கொண்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா விசாரணையை ஆரம்பித்தாள். வருமா வராதா என்று கேட்டாள். வரும் என்று நினைக்கிறேன் என்றேன். “நெனைக்கறதுக்கா இத்தினி வருசம் படிச்ச?” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. சாயங்காலம் வரை தெற்கு தெற்கு என்று வேண்டிக்கொண்ட அதே வாயால் இப்போது வடக்கு வடக்கு என்று வேண்டிக்கொண்டிருந்தேன். என் கணக்கு பொய்க்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான். காந்தத்துக்கு வேண்டுதல் கேட்காது என்பது மற்றவர்களைவிட எனக்கு நன்றாகவே தெரியும்.

கிழக்கு வெளுப்பதற்கு முன்பே கரைக்குப் போய் உட்கார்ந்தேன். அம்மாவும் கறுப்புக் கண்ணாடியோடு என் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். செல்போனில் செயற்கைக்கோளின் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. நடுக்கோட்டுக்குக் கீழே போனால் தெற்கு, மேலே போனால் வடக்கு. மேகம் தொட்டது. கோடு ஒரு துடி துடித்து மேலே ஏறியது. ஏறியது ஏறியபடியே நின்றது.

வடக்கு. தோற்றுவிட்டேன். துறைத் தலைவரிடமிருந்து உடனே செய்தி வந்தது, பார்த்தீர்களா என்று. நான் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். இனி ஜிபிஎஸ்ஸுக்கு ஒன்றும் ஆகாது, தம்பி பத்திரமாக வந்துவிடுவான்.

இருட்டில் ஒவ்வொரு படகாக உள்ளே வந்தது. கோட்டின் மேலேயே, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வந்தார்கள். கூண்டை இறக்கியாச்சா என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார். ஏலம் கூவ ஆரம்பித்தார்கள். கடைசிப் படகும் வந்தது. தம்பியின் படகு மட்டும் வரவில்லை.

கடைசியாக வந்தவரிடம் கேட்டேன். “எம்பின்னாடிதான் வந்துகினு இருந்தான். வெளக்கு தெரிஞ்சுது. அப்புறம் பாக்கல” என்றார். தம்பியின் போன் அணைந்து கிடந்தது. கடலில் அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டுவிடுவான், எப்போதும் அப்படித்தான் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். சூரியனால் ஒன்றும் இல்லை, அது எனக்கு நிச்சயம். அப்படியானால் வேறு என்ன? இன்ஜினா, கல்லா? இதற்கெல்லாம் என்னிடம் வரைபடம் இல்லை. கருங்கல் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். அலை அடித்து வெள்ளையாக நுரைத்தது, வேறொன்றும் தெரியவில்லை. மருத்துவர் வெயில் படக் கூடாது என்று சொல்லியிருந்த கண்ணிலிருந்து அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூரியன் முழுசாக மேலே வந்த பிறகு முகத்துவாரத்துக்கு வெளியே ஒரு படகு அசைந்தது. மெதுவாக, அவசரமே இல்லாமல், நடு வழியில் உள்ளே வந்தது. தம்பி பின்னால் நின்று ஓட்டிக்கொண்டிருந்தான். படகு கரை தட்டியதும் அம்மா போய் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

“எங்கடா போன?” என்றேன்.

“எங்க போவேன்? வெளிய நங்கூரம் போட்டுப் படுத்துக் கெடந்தோம். நீதான விடியாம உள்ள வராதன்ன.”

அவன் சிரித்த சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. நாலு பேருக்கு முன்னால் சிரித்தானே தவிர, நான் சொன்னதைக் காதில் வாங்கித்தான் போயிருக்கிறான்.

“எல்லாரும் இருட்டுலயே வந்துட்டாங்கடா. ஒண்ணும் ஆவல. நான் சொன்னது தப்பு” என்றேன்.

ஏலம் முடிந்து வியாபாரிகள் போய்விட்டிருந்தார்கள். கூட வந்த ஆள் என்னை முறைத்துவிட்டு வலையை இழுத்தான். தம்பி படகில் கிடந்த மீனைப் பார்த்தான், காலியான கரையைப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், அதற்கு எனக்கு வாய் உண்டு.

“சரி வுடு. அடுத்தது எப்பக்கா?” என்றான்.

கேலி செய்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கேட்கிறான். என் கணக்கை இந்த உலகத்தில் நம்பியவன் அவன் ஒருவன்தான், அந்தக் கணக்குதான் தப்பிவிட்டது. துறைத் தலைவருக்கு என்ன எழுதுவது என்று யோசித்து வைத்திருந்தேன். இவனுக்கு என்ன சொல்வது என்று யோசித்து வைக்கவில்லை.

“தெரியலடா” என்றேன்.

“தெரிஞ்சா சொல்லு” என்று மீன் அள்ளிய கூடையின் ஒரு பக்கத்தை என்னிடம் நீட்டினான். பிடித்துத் தூக்கினேன். இவ்வளவு கனக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.