ஏரிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி

சில வருடங்களுக்கு முன், ஒரு ஐப்பசி மழைநாளில், திருநின்றவூரைத் தாண்டியுள்ள ஒரு சின்ன அரசுப் பள்ளியில் நடந்தது இது.

காது கேளாத குழந்தைகளுக்கான சிறப்பாசிரியை நான். ஒரு பள்ளியில் அப்படி ஒரு குழந்தை இருந்தாலே அதிகம் என்பதால், சுற்றியுள்ள சின்னப் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து நான் ஒருத்திதான். சேக்காட்டிலிருந்து ரயில், ஷேர் ஆட்டோ என்று மாறி, தினம் ஒரு பள்ளிக்குப் போவேன்.

அன்றைய முறை ஏரிக்கு அந்தப் பக்கப் பள்ளி. அங்கே மூன்றாம் வகுப்பில் எனக்கொரு மாணவி. ஆனால் ஏரி நிரம்பி ரோடு மூழ்கிவிட்டதால், ஆட்டோக்காரர் இந்தப் பக்கப் பள்ளியிலேயே இறக்கிவிட்டார். சிறுமியின் அப்பாவுக்கு போன் செய்து, வர முடியாது என்றேன். லோடு ஆட்டோ ஓட்டுபவர் அவர்.

"இன்னா மேடம் இப்டி சொல்றீங்க? காலைலேர்ந்து ரெடியா குந்திகினு கீது பாப்பா. நீங்க அங்கியே இருங்க, சுத்திகினு நானே இட்டாறேன்."

சொன்னபடியே வந்துவிட்டார். தலை துவட்டிக்கொண்டே உள்ளே வந்த சிறுமி சட்டென்று நின்றாள். என் பக்கத்தில், இந்தப் பள்ளியில் என்னிடம் படிக்கும் மாணவி உட்கார்ந்திருந்தாள். அவள் காதிலும் மிஷின்! வந்தவள் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். இவளும் தொட்டுக் காட்டினாள். தன்னைப் போல இன்னொருத்தியை இருவரும் அதுவரை பார்த்ததே இல்லை.

பிறகு கைகள் ஓயவில்லை. ஒருத்தி மூக்கில் விரல் வைத்து என் மூக்குத்தியைக் காட்டினாள். அவள் சைகையில் அதுதான் என் பெயர். இன்னொருத்தி கண்ணைச் சுற்றி வட்டம் போட்டாள். அவளுக்கு நான் கண்ணாடிக்காரி. இருவரும் என்னையே பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வாசலில் நின்ற அப்பா மெதுவாகச் சொன்னார்: "இவ்ளோ சத்தமா இது சிரிச்சு நான் கேட்டதே இல்ல மேடம்." மழையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

இரண்டு தலைமையாசிரியைகளிடமும் பேசி, வாரத்தில் ஒரு நாள் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தேன். ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அந்த அப்பா ஒரு நாள்கூடத் தவறாமல் மகளைக் கொண்டுவந்து விட்டார். இப்போது எனக்கு வேறு ஊர், வேறு பிள்ளைகள். ஆனாலும் எந்தப் புதுப் பள்ளிக்குள் போனாலும், பக்கத்து ஊரில் இந்தக் குழந்தைக்கு ஒரு ஜோடி இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன்.